ரெண்டே நிமிஷம் சார்... எடுத்துடுறேன்!

எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதனால் பஞ்சாங்கம் பார்க்காமலே எங்களுக்கு முகூர்த்த நாள் தெரிந்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். இருபதடித் தெருவில் மிச்சமிருப்பது ஒரு ஆட்டோ நுழையும் சந்துதான். அதற்குள் நடப்பவர்கள், பைக்குகள், பூக்கூடைக்காரம்மா, ட்யூஷன் விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் போய்வர வேண்டும்.

அப்படியொரு முகூர்த்த நாளில்தான் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவருக்கு வயது 78. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் 108 ஆம்புலன்ஸை அழைத்தேன். சொல்லி வைத்தாற்போல சீக்கிரமே வந்துவிட்டார்கள், ஆனால் தெருமுனை வரைதான். அதற்கு மேல் வண்டி நுழையவில்லை. டிரைவரும் மருத்துவ உதவியாளரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை கார். கேட்டின் ஒரு கதவு பாதிதான் திறந்தது. அந்த இடுக்கில் ஸ்ட்ரெச்சர் வராது.

வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்துத் தூக்கினோம். காருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்தபோது அம்மாவின் புடவை முந்தானை காரின் சைடு மிரரில் மாட்டிக்கொண்டது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர் அந்த நிலையிலும், "பாத்துப்பா, கண்ணாடி உடைஞ்சிடப் போகுது" என்றார்.

அந்த நேரத்தில்தான் காரின் சொந்தக்காரர் மண்டபத்திலிருந்து ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பட்டு வேட்டி, கையில் தாம்பூலப் பை. "சாரி சார், ரெண்டே நிமிஷம்தான், மொய் எழுதிட்டு வந்துடலாம்னு போனேன்..." சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. பையைக் காரின் மேல் வைத்துவிட்டு நாற்காலியின் ஒரு காலைத் தானே பிடித்துக்கொண்டார். தெருமுனை வரை எங்களோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அவர் கண்ணில் நீர்.

அம்மா பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, நான்கு நாளில் வீடு திரும்பினார். ஆனால் அந்த மனிதரின் முகம் என்னை விட்டுப் போகவில்லை. கெட்டவர் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அவர் நல்லவர். பதறியவர், தோள்கொடுத்தவர். அப்படிப்பட்டவர்தான் இன்னொருவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். அவரைப் போகவைத்தது அந்த ஒரு வார்த்தைதான். ரெண்டே நிமிஷம்.

இதை எழுதும் நானும் அந்த வார்த்தையைச் சொன்னவன்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் இரவு, மருந்து வாங்கப் போன அவசரத்தில், மெடிக்கல் ஷாப் வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருந்த சரிவுப் பாதையின் மீதே என் பைக்கை நிறுத்தியிருக்கிறேன். திரும்பி வந்தபோது காலில் கட்டோடு ஒருவர், என் வண்டி நகர்வதற்காக ஊன்றுகோலில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "ரெண்டே நிமிஷம் சார்..."

அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மிச்சம் பிடிக்கும் கணக்கு

நம் சாலைகளில் நடக்கும் அக்கிரமங்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த ரெண்டு நிமிஷம்தான் கிடக்கிறது. சிக்னல் சிவப்பாக விழுந்த பிறகும் விர்ரென்று போகிறவர் மிச்சம் பிடிப்பது ஒன்றரை நிமிஷம். சென்னை ஜி.எஸ்.டி. சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ யூ-டர்ன் தள்ளி இருக்கிறது என்று ராங் சைடில் வருகிறவர் மிச்சம் பிடிப்பது மூன்று நிமிஷம். பஸ் ஸ்டாப்பில் ஓரம்கட்டாமல் நடு ரோட்டிலேயே ஆளை இறக்கும் பஸ்ஸுக்கு மிச்சம் அரை நிமிஷம்.

வேகத்தின் கணக்கு இன்னும் தெளிவானது. பத்து கிலோமீட்டர் தூரத்தை 50 கி.மீ. வேகத்தில் கடந்தால் 12 நிமிஷம், 60-ல் கடந்தால் 10 நிமிஷம். கூடுதலாக அழுத்திய ஆக்ஸிலேட்டருக்குக் கூலி சரியாக ரெண்டே நிமிஷம். அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாமலிருந்தால்.

அந்த ரெண்டு நிமிஷத்துக்கு என்ன விலை? இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 50-ல், இன்னொன்று 60-ல். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரண்டு டிரைவர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. பிரேக்கும் ஒரே தரம், சாலையும் காய்ந்த நல்ல சாலை. 50-ல் வந்த கார் ஏறத்தாழ 28 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தைத் தொடும்போது 60-ல் வந்த கார் நின்றிருக்காது, இன்னும் சுமார் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு பத்து கிலோமீட்டர் வேகம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வேகம் கூடக் கூட, பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் அதன் வர்க்கமாக எகிறும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். 40 கி.மீ. வேகத்தில் ஒரு உடம்பில் மோதுவது என்பது, ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து அந்த உடம்பைக் கீழே போடுவதற்குச் சமம்.

ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் நம்மை 'எட்டு' போடச் சொல்கிறார்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் லைசென்ஸ். கார் என்றால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. இந்த இருபத்தெட்டு மீட்டர் கணக்கை எனக்கு யாரும் அங்கே சொல்லித்தரவில்லை. லாரியின் இடதுபக்கம் ஒட்டிப் போனால் டிரைவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்பதையும், எதிரே வண்டி வந்தால் ப்ரைட்டைக் குறைத்து டிம் பண்ண வேண்டும் என்பதையும் சொல்லித்தரவில்லை. நம் பிள்ளைகள் இதையெல்லாம் அடிபட்டுத்தான் கற்கிறார்கள்.

வீட்ல சொல்லிட்டு வந்தியா?

சென்னையில் ரோட்டைக் கடப்பவர்களைப் பார்த்து டிரைவர்கள் கத்தும் வசனம் ஒன்று உண்டு. "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" சினிமாக்களிலும் வந்து, சிரித்துப் பழகிவிட்டோம். ஒரு நிமிஷம் நின்று கேட்டால் அதன் அர்த்தம் பயங்கரம். கடைசியாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாயா, இனி நீ திரும்பிப் போவது நிச்சயமில்லை என்கிறது அது. நடப்பவனைப் பார்த்து, வண்டியில் இருப்பவன் சொல்கிறான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு மணி நேரத்துக்கு 19 பேர். இதில் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள் 74,897 பேர், நடந்து போனவர்கள் 32,825 பேர். ஆக நூறு பேர் செத்தால் அதில் 64 பேர் பைக்கிலோ காலாலோ போனவர்கள். மேலே இரும்புக்கூடு இல்லாதவர்கள்.

தமிழ்நாட்டின் இடம் எது? அந்த ஆண்டு இந்திய மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் பதிவானது இங்கேதான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான். நம் போலீஸ் ஒழுங்காக வழக்குப் பதிவு செய்வதால் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். விபத்துகளின் எண்ணிக்கைக்கு அது ஓரளவு பொருந்தலாம். சாவுக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்கு 49 பேர். காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், வராமல் போன 49 பேர்.

அதே 2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் நாடு முழுக்க 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. இன்றும் வண்டி ஓட்டும் கணவர் தலையில் ஹெல்மெட், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையில் மல்லிகைப்பூ, நடுவே குழந்தையின் தலையில் ஒன்றுமில்லை. ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மீது வைத்து, போலீஸைப் பார்த்ததும் மாட்டிக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

நடைபாதை யாருடையது?

பார்க்கிங் என்பது ஏதோ சின்ன எரிச்சல், விபத்து என்பது வேறு விஷயம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்துப் பிரதான சாலையில் காலை எட்டே கால் மணிக்கு அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்தப் பிரிவு கரைந்துவிடும்.

டிபன் கடை வாசலில் நடைபாதை முழுக்க பைக்குகள், சீப்பு வைத்த மாதிரி. அதையொட்டி ரோட்டில் இரண்டு கார்கள். ஒன்றில் டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறார். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை, இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். நடைபாதையில் இடமில்லை. இறங்குகிறாள். ரோட்டோரத்தில் கார். காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டின் நடுப்பகுதிக்கே போகிறாள். தம்பியைத் தன் உட்பக்கம் மாற்றிக்கொள்கிறாள். பின்னால் மாநகர பஸ் வருகிறது, ஹாரன் அடிக்கிறது. அவள் காரோடு காராக ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், முதுகு கார் கதவில் பதிய. பஸ் ஒரு முழம் தள்ளிப் போகிறது. பிறகு மறுபடி நடக்கிறாள். அவள் முகத்தில் பயமே இல்லை. தினமும் இப்படித்தான் போகிறாள்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எஃப்.ஐ.ஆரில் பஸ் டிரைவர் பெயர் இருக்கும். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த கார்க்காரரின் பெயர் எங்கேயும் இருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, அடுத்தவருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள் இன்னும் பட்டியலிட்டே சொல்கின்றன. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் ஸ்டாப் அருகே, வளைவு, பாலம், அடுத்தவர் வீட்டு வாசல் எங்கும் நிறுத்தக் கூடாது. அந்த வெள்ளைக் கார்க்காரருக்கும் எனக்கும் இது எழுத்தில் இருக்கும் சட்டம். தெருவில் அதன் வடிவம் வேறு. வீட்டுக்கு வீடு கேட்டில் தொங்கும் தகரப் பலகைதான் அது: 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' போலீஸும் மாநகராட்சியும் வர மாட்டார்கள் என்று தெரிந்துபோன ஊரில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சட்டம்.

அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகை உண்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில்: 'விருந்தினர் வாகனங்களை வெளியே நிறுத்தவும்.' வெளியே என்றால் எங்கே? தெருவில். நாற்பது வீடுகள் கட்டி விற்றவர், நாற்பது வீட்டுக்கு வருகிற போகிறவர்களின் வண்டிகளையும், ஒரே வீட்டின் இரண்டாவது காரையும் பொதுச் சாலையின் தலையில் கட்டிவிடுகிறார். கடைத்தெருக்களில் இதைவிட மோசம். வரைபடத்தில் வாகன நிறுத்துமிடம் என்று காட்டி அனுமதி வாங்கிய தரைத்தளம், கட்டி முடித்ததும் குடோனாகவும் ஜெராக்ஸ் கடையாகவும் மாறுகிறது. வாடிக்கையாளரின் வண்டி நடைபாதைக்குப் போகிறது. கல்யாண மண்டபமும் அப்படித்தான். ஆயிரம் பேருக்குப் பந்தி போட இடம் இருக்கும், முப்பது காருக்கு மேல் நிறுத்த இடம் இருக்காது.

ஒரு கார் நிற்க சுமார் 130 சதுர அடி வேண்டும். சென்னையில் 130 சதுர அடி என்பது ஒரு குடும்பம் படுத்துறங்கும் அறை. அதே நடைபாதையில் நான்கடிக்கு நான்கடி இடத்தில் ஒரு பாட்டி கீரைக்கட்டு வைத்து விற்றால் 'ஆக்கிரமிப்பு' என்று லாரி வந்து கூடையைத் தூக்கிப்போகிறது. நாளில் இருபத்திரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. கவர் போட்டு மூடி, மாதக்கணக்கில் தெருவிலேயே வைத்திருக்கிறார்கள். டயருக்கடியில் புல் முளைத்திருக்கிறது. இந்த ஓரவஞ்சனை எனக்கு ஒருநாளும் புரியவில்லை.

ஜப்பானில் 1962-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். கார் வாங்குவதற்கு முன், அதை நிறுத்த உங்களுக்கு இடம் இருக்கிறது என்பதைப் போலீஸிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். தெருவையே ராத்திரி ஷெட்டாக வைத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் காருக்கு லோன் கிடைக்குமா என்று மட்டும்தான் கேட்கிறோம். எங்கே நிறுத்துவாய் என்று வங்கியும் கேட்பதில்லை, ஷோரூமும் கேட்பதில்லை, ஆர்.டி.ஓ.வும் கேட்பதில்லை. இங்கேயும் கேட்டே ஆக வேண்டிய காலம் வந்துவிட்டது.

மனது வைத்தால் முடியும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். அதற்கு முன்பு அங்கே துணி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பைக் சைலன்ஸரில் கால் சுட்டுக்கொண்டு நடந்ததெல்லாம். இன்று அங்கே வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. குறைகள் உண்டு, பராமரிப்பில் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் அம்மாவை நான் பயமில்லாமல் நடத்திக் கூட்டிப்போன கடைத்தெரு சென்னையில் அது ஒன்றுதான். சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது 2014-ல். அந்த முதலிடம் இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

நின்றிருந்த லாரி மீது...

பார்க்கிங்கால் உயிர் போகுமா என்று யாராவது கேட்டால், எந்த நாள் பேப்பரையும் எடுத்துக் காட்டலாம். 'நின்றுகொண்டிருந்த லாரி மீது கார் மோதி...' இந்தத் தலைப்பு நமக்கு மனப்பாடம். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பம், விடியற்காலை மூன்று நாலு மணி, நான்குவழிச் சாலை. ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கிறது. டிம் விளக்கில் சாலை தெளிவாகத் தெரிவது ஐம்பது மீட்டர் சொச்சம். பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாத லாரி ஒன்று ஓரத்தில் நின்றால், டிரைவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்கும் குறைவு. தூக்கக் கலக்கத்தில் அதுவும் கிடையாது.

அந்த லாரி ஏன் அங்கே நின்றது? டயர் வெடித்திருக்கும். அல்லது டிரைவரால் இனிமேல் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாமல் போயிருக்கும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடக்கே லோடு ஏற்றிப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நேரத்துக்கு லோடு இறக்கவில்லை என்றால் வாடகையில் பிடித்தம். பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்தவும், குளிக்கவும், படுக்கவும் நெடுஞ்சாலையில் போதிய இடம் கிடையாது. சாலையோரமே படுக்கை. வண்டி பிரேக்டவுன் ஆனால் பின்னால் வைக்க வேண்டிய சிவப்பு முக்கோணப் பலகைக்குப் பதிலாக, பக்கத்து மரத்தில் கிளை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வைக்கிறார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்தக் கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் பைக்குக்காக.

லாரி டிரைவரை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதேபோல, ராங் சைடில் வருகிறவரைத் திட்டுகிறோம், திட்டத்தான் வேண்டும். அவர் எதிர்த்திசையில் வருவதால், வலது பக்கம் மட்டும் பார்த்துக் கடக்கிறவர் இடது பக்கத்திலிருந்து அடிபடுகிறார். ஆனால் வீடு ஒரு பக்கமும் பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மறுபக்கமும் இருக்க, நடுவில் தடுப்பைக் கட்டி, திரும்பும் வழியை எங்கோ கொண்டுபோய் வைத்தவர்களுக்கும் அந்த விபத்தில் பங்கு உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு ஐம்பது படி நடைமேம்பாலம் கட்டிவிட்டு, ஏறாமல் ரோட்டில் கடக்கிறார் என்று குறை சொல்வது நியாயமா? அம்மா மாதிரி வயதானவர் ஐம்பதடிச் சாலையைக் கடக்க, நிதானமாக நடந்தால், இருபது விநாடி ஆகும். பச்சை மனிதன் அத்தனை நேரம் எரிகிற சிக்னல்கள் எத்தனை என்று உங்கள் ஊரில் நின்று பாருங்கள்.

அடிபட்ட பிறகு, அடிபடும் முன்பு

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்புகளை வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக்கொண்டிருப்பவர், எலும்பு உடையாமல் இருக்க வழி கேட்டு நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, நடைபாதையில் நிற்கும் பைக் ஒரு குடிமகளின் வாழும் உரிமையின் மேல் நிற்கிறது. டிபன் கடை வாசலில் நான் பார்த்த அந்தக் குழந்தைக்கு இதை யார் போய்ச் சொல்வது?

அடிபட்ட பிறகு காப்பாற்றுவதில் தமிழ்நாடு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். 2008 செப்டம்பரில் வந்த 108 எத்தனை உயிரை மீட்டது என்று நம் எல்லோர் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் சிகிச்சை. எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை உண்டா என்ற கேள்வி கிடையாது. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்பதும் 2019 சட்டத் திருத்தத்தில் வந்துவிட்டது. ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் தயங்காமல் தூக்கலாம். இதை இன்னும் பலர் தெரிந்துகொள்ளவில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் அடிபடுவதற்கு முந்தைய அந்த ரெண்டு நிமிஷத்தில் நம் அரசு எங்கே இருக்கிறது? 2022 அக்டோபரில் அபராதங்களை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய். ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடுகிற வண்டிக்குத்தான் இந்தப் பத்தாயிரம் நினைவில் வருகிறது. ஆம்புலன்ஸ் நுழையவே முடியாமல் தெருவை அடைத்து நிற்கும் வண்டிக்கு? முகூர்த்த நாள் எது என்று காவல் நிலையத்துக்கும் தெரியும். அன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம் தெருமுனையில் ஒரு காவலர் நின்றால் போதும். மண்டபத்துக்கு உரிமம் கொடுப்பவர்கள், வண்டி நிறுத்த இடம் காட்டு என்று கறாராகக் கேட்டால் போதும். பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை.

எங்கள் தெருவாசிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மண்டபத்து மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். முதலில் "ஒவ்வொரு காரையும் நான் எப்படி சார் பாத்துக்கிறது" என்றார். அம்மாவை நாற்காலியில் தூக்கிப்போன கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது முகூர்த்த நாட்களில் ஒரு வாட்ச்மேனைத் தெருமுனையில் நிறுத்துகிறார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது என்று அவர் கைகாட்டுகிறார். பாதிப் பேர் கேட்கிறார்கள். பாதிப் பேர், "ரெண்டே நிமிஷம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே விடுகிறார்கள்.

போன முகூர்த்தத்தில் வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரம், ஒரு பெரிய கார் எங்கள் கேட்டு முன்னால் வந்து நின்றது. பட்டுப்புடவைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் இறங்கின. நான் வாசலுக்கு வருவதற்குள் அம்மாவே கோலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். டிரைவர் இளைஞன், வெள்ளைச் சீருடை. கண்ணாடியை இறக்கி, "ரெண்டு நிமிஷம்மா, ஐயா உள்ள போனதும் எடுத்துடுறேன்" என்றான்.

"எடுத்துடு தம்பி. எனக்கு எப்ப ஆம்புலன்ஸ் வரும்னு தெரியாது" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

அவன் அம்மாவை ஒரு கணம் பார்த்தான். வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனான். போனவன் போனவன்தான் என்று நினைத்தோம். ரொம்ப நேரம் கழித்து கேட்டில் தட்டும் சத்தம். அவன்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

அம்மா சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான்.

"வண்டியை எங்கப்பா விட்ட?"

"ஸ்டேஷன்கிட்டம்மா. நடந்து வரப் பத்து நிமிஷம் ஆச்சு."

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தான். அம்மா கேட்டின் இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சாத்தினார்.